கத்தி உறைக்குள் ஆற்றுத் தண்ணீர்

இது ராத்திரியில் நடந்த விஷயம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகல் பதினொன்றே கால் மணி. கரமனையாற்றுப் படித்துறையில் குறைந்தது நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். நான் குடிப்பதில்லை. அன்று காய்ச்சலும் இல்லை. ஏதோ பிரமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் கொள்ளை ஆசைதான். முடியவில்லை.

என் பெயர் யோசுவா. வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. ஏழாவது மாடியில் வாடகை ஃபிளாட். தனி ஆள்.

என்னிடம் ஒரு கத்தி இருந்தது. மடக்குக் கத்தி இல்லை. நாலரை அங்குல அலகு, பிடியின் கடைசிவரை ஒரே இரும்பாக ஓடும். 2013-ல் வாங்கினேன். கார்பன் ஸ்டீல். கவனிக்காவிட்டால் ஒரே மழையில் துருப்பிடித்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாணைக்கல்லில் தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவி உறையில் போடுவேன். எத்தனையோ மலை ஏறியாயிற்று. விறகு பிளந்தது, மூங்கில் வெட்டியது, கப்பைக் கிழங்கு உரித்தது எல்லாம் அதுதான். எலுமிச்சம்பழம் நறுக்கி நறுக்கி அலகு முழுக்கச் சாம்பல் நிறக் கறை. முன்கையில் வைத்து இழுத்தால் முடி உதிரும். இத்தனை வருஷத்தில் என்னை ஒருமுறைகூடக் கைவிடாத பொருள் அது.

நான் அப்படி இல்லை.

ரதீஷ் என் டீமில் இருந்தான். அமரவிளைக்காரன். மலைக்குப் போனால் நாங்கள் இரண்டு பேரும்தான். 2021 அக்டோபரில், விதுரைக்கு மேலே காட்டுக்குள் ஒரு நாள் நடைக்கு அனுமதி வாங்கிப் போனோம். அங்கே இரண்டு ஓடைகள். வடக்கு ஓடை வழியாகத்தான் போக வேண்டும். தெற்கு ஓடைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. இரண்டும் வெகுதூரம் கீழே போய்த்தான் ஒன்றுசேரும்.

காட்டு வாட்சர் இசக்கி கிளம்பும்போதே சொன்னார். "சார், தெற்கே இறங்கப்படாது, கேட்டோ. மேலே மழை பெய்தால் தண்ணி சொல்லிட்டு வராது."

தெற்கே இறங்கலாம் என்றது நான். இரண்டு மணி நேரம் மிச்சம். ரதீஷ் யோசித்தான். நான் கேலி பண்ணினேன். இறங்கினான்.

புதுக் கயிறு. ஒரு முனை அவன் இடுப்பில், மறு முனை என் இடுப்பில். அவன் முதலில் ஓடையில் இறங்கினான். நான் கரையில் பாறையை ஒட்டி நின்றேன். பாதி தாண்டும்போது தண்ணீரின் நிறம் மாறியது. தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது, பால்விட்ட தேநீர்போல் ஆனது. அப்புறம் ஒரு இரைச்சல்.

அவனை வெள்ளம் தூக்கியது. கயிறு என்னைத் தரையோடு இழுத்தது. பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை. மார்பு வரை தண்ணீர். கை தானாக உறைக்குப் போனது.

ஒரே இழுப்பு. வாரா வாரம் நான் தீட்டிய கூர்மை. சத்தமே வரவில்லை.

கைக்கடிகாரத்தில் மணி 11.17.

போலீஸிடம் கயிறு பாறையில் உரசி அறுந்தது என்றேன். என் இடுப்பில் மிச்சமிருந்த துண்டை அதற்கு முன்பே எடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து நார்நாராக்கி வைத்திருந்தேன். எங்கே என்று கேட்டார்கள். வடக்கு ஓடை என்றேன். தெற்கே போனது தெரிந்தால் கேஸ் வரும் என்று பயம்.

ஆறு நாள் தேடினார்கள். வடக்கு ஓடையில். நானும் கூடவே நின்று அவன் பேரைக் கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். 'நல்ல சிநேகிதன்' என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

உடம்பு கிடைக்கவில்லை. அதனால் ரதீஷின் மனைவி சிஜிக்கு இறப்புச் சான்றிதழும் இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் இருந்தாள். நான் மலை ஏறுவதை நிறுத்தினேன். கத்தியை மட்டும் தூக்கிப்போடவில்லை. தூக்கிப்போட்டால் செய்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. எப்போதும்போல் ஞாயிற்றுக்கிழமை தீட்டினேன்.

மூன்றாவது வருஷம். கர்க்கடக வாவுக்கு, அதாவது இறந்தவர்களுக்குப் பலிச்சோறு வைக்கும் ஆடி அமாவாசைக்கு, முந்தின வாரம்.

திங்கட்கிழமை காலை கத்தியை எடுத்தேன். உறை ஈரமாக இருந்தது. மழைக்காலம் அல்லவா... துடைத்து எண்ணெய் போட்டு அலமாரிக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஈரம். அலமாரி காய்ந்துதான் இருந்தது.

புதன்கிழமை உறையைத் தலைகீழாகத் தட்டினேன். மணல் விழுந்தது. பொடி மணல். நடுநடுவே மினுக்கும் துகள். அந்த ஓடையின் மணல் அப்படித்தான் மினுங்கும்.

வியாழக்கிழமை குளிக்கும்போது பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. பெல்ட் தடம் என்று நினைத்தேன். பெல்ட் அகலம். இது விரல் தடிமன்தான் இருந்தது. முறுக்கு முறுக்காக.

வெள்ளிக்கிழமை மாலை 5.50. ஆபீஸ் மாடிப்படியில் இறங்குகிறேன். முன்னால் யாரும் இல்லை. இடுப்பில் ஏதோ சுண்டியது.

லேசாக. மீன் தூண்டிலைச் சுண்டுவதுபோல்.

அன்று இரவு சிஜி போன் பண்ணினாள்.

"யோசுவாண்ணா, இந்த வருஷம் அவருக்குப் பலி போடலாம்ணு இருக்கேன். எத்தனை நாளு இப்படியே இருப்பேன்? அண்ணன் கூட வரணும். ஒற்றைக்குப் போக வய்யா."

தனியாகப் போக முடியாதாம். மறுக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

சனிக்கிழமை. வாவு. நாங்கள் போய்ச் சேரும்போது மணி 10.40. வானம் கறுத்துக் கிடந்தது. காலைக் கூட்டம் குறைந்திருந்தாலும் படித்துறை நிறைய ஈர வேட்டி, ஈரப் புடவை. ஆறு கலங்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மலைத் தண்ணீர்தான் கடைசியில் இங்கே வருகிறது. எனக்கு அது தெரியும். சிஜிக்கும் தெரியும்.

பூசாரி சொல்லச் சொல்ல அவள் எள்ளும் சோறும் வைத்தாள். பக்கத்து இலைகளுக்கெல்லாம் காக்கை வந்தது. கொத்தியது. பறந்தது.

அவள் இலைக்கு வரவில்லை. கை தட்டினாள். மறுபடியும் தட்டினாள். ஒன்றுகூட வரவில்லை.

"செரி மோளே. இனி ஆற்றில் விட்டால் போதும்" என்றார் பூசாரி. "இலை பெரிசு. ஓரம் நறுக்கிக்கோ."

சிஜி என்னைப் பார்த்தாள். "அண்ணன் கையில் கத்தி உண்டல்லே?"

வீட்டில் விட்டுவரப் பயந்து பையில் போட்டிருந்தேன்; எடுத்தேன். பை காய்ந்திருந்தது. உறையிலிருந்து கத்தியை உருவினேன்.

தண்ணீர் கொட்டியது.

சொட்டவில்லை. கொட்டியது. ஒரு உறைக்குள் எவ்வளவு கொள்ளும்? கால் டம்ளர்? நின்றபாடில்லை. பால்விட்ட தேநீர் நிறத்தில்... படிக்கட்டு வழியே ஓடி ஆற்றில் கலந்தது.

"இதென்னா அண்ணா? எங்கே போட்டிருந்திய?"

இலையை நறுக்கிக் கொடுத்தேன். அவள் இலையைத் தலைமேல் வைத்து ஆற்றில் இறங்கினாள். இழுப்பு பலமாக இருந்ததால் நானும் பின்னாலேயே இறங்கினேன். முழங்கால் ஆழம். கத்தி இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவள் மூன்றுமுறை முங்கினாள். இலையை விட்டாள்.

இலை போகவில்லை.

ஆறு அவ்வளவு வேகமாக ஓடுகிறது. இலை எங்கள் முன்னால் அப்படியே நின்றது.

இடுப்பில் சுண்டியது.

ஒன்று.

குனிந்து பார்த்தேன். எதுவும் இல்லை.

இரண்டு.

சட்டை இடுப்போடு ஒட்டிச் சுருங்கியது. துணி மேலேயே முறுக்குத் தடம் பதிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் இழுத்தது.

கால் வழுக்கியது. தொடை வரை தண்ணீர். இடுப்பு வரை. "சார்! அங்கே போகாதீங்க!" என்று கரையில் யாரோ கத்தினார்கள். நான் போகவில்லை. இழுக்கப்பட்டேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

மார்பு வரை தண்ணீர்.

எதிரே ஆற்றுக்கு நடுவில்... ஒரு தலை.

முகம் தெரியவில்லை. என் பக்கம் திரும்பியிருந்தது. அதுமட்டும் தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

கை தானாக வந்தது. என் வயிற்றுக்கு முன்னால், வெறும் காற்றில், கத்தியை ஒரே இழுப்பு இழுத்தேன்.

எதையோ அறுத்தது.

கையில் தெரிந்தது. ஈரக் கயிறு அறுபடும்போது பிடியில் ஒரு அதிர்வு வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பின்னால் விழுந்தேன். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துப் படியில் இழுத்துப் போட்டார்கள். நடு ஆற்றில் எதுவும் இல்லை. இலை போய்விட்டிருந்தது.

யாரோ மணி கேட்டார்கள். யாரோ "பதினொன்று பதினேழு" என்றார்கள்.

சிஜி எனக்கு மேலே நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றை. மறுபடியும் கத்தியை.

"அன்னைக்கும் இப்படித்தானா அண்ணா?"

மெதுவாகத்தான் கேட்டாள்.

தலையாட்டினேன்.

அவள் அழவில்லை. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"எங்கே வச்சு?"

"தெற்கு ஓடை."

"தேடினது?"

"வடக்கு."

தன் பையிலிருந்து போனை எடுத்து என் மடியில் போட்டாள். "இசக்கி அண்ணனை விளி. இப்ப. என் காது கேட்கச் சொல்லு."

சொன்னேன். இசக்கி, "மூணு வருஷம் ஆச்சே சாரே..." என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். சிஜி ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நானும் அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இசக்கி கூப்பிட்டார்.

"கிடைச்சிட்டார் சார்."

தெற்கு ஓடையில், நாங்கள் இறங்கிய இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் கீழே. தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு பாறைப் பொந்து. எலும்புதான் மிச்சம். வலது கால் எலும்பு உடைந்திருந்தது. ஊர்ந்து ஏறியிருக்கிறான். சட்டைப்பையில் இருந்த பிஸ்கட் உறைகளையும், சுற்றிலும் மென்று துப்பிய தண்டுகளையும் பார்த்துவிட்டு, நாலைந்து நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர்.

அந்த நாலைந்து நாளும் நான் வடக்கு ஓடையில் நின்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது. முடிச்சை அவன் அவிழ்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். அதை எஸ்.ஐ. என்னிடம் மூன்றுமுறை கேட்டார். கடைசி ஒரு வாரத்தில் நான் எங்கே இருந்தேன், யாரையாவது அங்கே அனுப்பினேனா என்று. மண்சரிவால் அந்தப் பாதை ஒரு மாதமாக மூடிக்கிடந்தது. இசக்கியும் ஆட்களும் புதர் வெட்டித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் கொண்டுபோன கயிறு நாற்பது அடி. 2021-ல் ஸ்டேஷனில் நான் கொடுத்த துண்டு நாலு அடி. அவனிடம் முப்பத்தாறு அடி இருந்திருக்க வேண்டும்.

முப்பத்திரண்டு அடிதான் இருந்தது.

கயிறு முழுக்கப் பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. முனை மட்டும் வெள்ளை வெளேர் என்று... இரண்டு மூன்று நாளுக்குள் அறுத்ததுபோல். ஒரே இழுப்பில் அறுத்த வெட்டு.

நடுவில் காணாமல் போன அந்த நாலு அடித் துண்டை இன்றுவரை யாரும் கண்டெடுக்கவில்லை.