மூணாவது வளைவுக்காரி

“ஒரு நிமிசம். ஒரே நிமிசம்” என்று சொல்லிக்கொண்டே துரைக்கண்ணு ஜீப்பை ஓரங்கட்டிவிடுகிறார். உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இறங்கி முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்கள். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் பாதையில் டீக்கடைக்குக்கூட நிற்காத ஜீப் இது. ஆனால் வளைவில் ஒரு மரத்தைக் கண்டால் நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வந்து வண்டியை எடுப்பார்.

“இன்னா, பூத்துச்சா?” என்று யாராவது கிண்டலாகக் கேட்பார்கள். கிண்டல் அவருக்கு உறைக்காது.

“மொக்கு வுட்டிருக்குது. நாளைக்கி இல்லன்னா மறுநாளு. அப்ப வா, வாசன காட்றேன்” என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். மீசைக்கு மட்டும் சாயம். தலையை அப்படியே விட்டுவிட்டார். பீடியை விட்ட நாளிலிருந்து கடைவாயில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். பயணிகளின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. சுமையை வைத்துத்தான் கூப்பிடுவார். “பலாப்பழம், கொஞ்சம் நவுந்து குந்து.” “புளி மூட்ட, கால உள்ள இழு.” ஆனால் பாதையோர மரங்களில் தொற்றி வளரும் செடிகளுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. கோயில் பக்கத்தில் இருப்பவள் கோயிலுக்காரி. பாலத்தருகே பாலத்துக்காரி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், சாலைக்கு மேல் குடைபிடித்து நின்ற பெரிய புளியமரத்தில் கிளைக்குக் கிளை தொங்கிய கூட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பெயர்: மூணாவது வளைவுக்காரி.

மலையில் அதை மரவாழை என்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஆர்க்கிட் என்பார்கள். தடித்த, நீண்ட இலைகள். கயிறு கயிறாக வெளியே தொங்கும் வேர்கள். கோடையில் மஞ்சளும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து கட்டம் போட்ட பூ. அதன் நடுவே ஊதா நிறத்தில் ஒரு நாக்கு. துரைக்கண்ணுவும் சில வருஷம் முன்புவரை அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒரு முறை பலாக்கிளைகளை மேல் கேரியரில் ஏற்றிப்போய் இறக்கியபோது, ஒரு செடி மட்டும் கம்பி இடுக்கில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. வெயிலிலும் மழையிலும் மலையேறி மலையிறங்கி, வேரால் கேரியர் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு பங்குனி மாதம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அது பூத்துவிட்டது. கிராம நர்ஸ் ஷோபனாதான் முதலில் பார்த்தார். “அண்ணா, உங்க வண்டி பூத்திருக்கு” என்றார்.

அந்தப் பூவைப் பார்த்து மனம் குளிர்ந்துபோன துரைக்கண்ணு, அதற்கு ஒரு நல்ல வாழ்க்கை அமைத்துத்தர நினைத்தார். கம்பியிலிருந்து பிய்த்தெடுத்து வீட்டு வாசலில் குழி தோண்டி, செம்மண்ணும் மாட்டுச்சாணமும் போட்டு நட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். பதினைந்து நாளில் அழுகிப்போனது. “வெறும் கம்பியில பொழச்சத, சோறு போட்டுச் சாவடிச்சேன்” என்று இப்போதும் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். அடுத்தது காற்றில்லாமல் செத்தது. அதற்கடுத்ததை எலி கொறித்தது.

அவருடைய துக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஷோபனாதான் அவரை ஆர்க்கிட் சங்கத்தில் சேர்த்துவிட்டார். சங்கம் என்பது புதூர்நாட்டில் வசந்தி வைத்திருக்கும் மாவு மில். மாதத்தின் முதல் ஞாயிறு, மிஷினை நிறுத்திவிட்டு, கேழ்வரகு மாவு படிந்த நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். காட்டுக்குள் போய்ச் செடி பிடுங்கக்கூடாது; ஒடிந்து விழுந்த கிளையில் இருப்பதைத்தான் எடுக்கலாம் என்பது வசந்தி போட்ட சட்டம். யார் செடியில் புது வேர் வந்தது, எதற்குப் பூஞ்சை பிடித்தது என்று பேச்சு போகும். ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸோடு சண்டை போடும் துரைக்கண்ணு அங்கே வாயைத் திறக்க மாட்டார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

“அங்க போயி ஊமையா குந்திக்கினு வர்றதுக்கு ஒரு சட்டையா?” என்பார் மனைவி பச்சையம்மா, சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தபடி. “எனக்கு ஒரு மொழம் மல்லி வாங்கியாந்ததில்ல. இந்தப் பூவ தலையிலகூட வெக்க வுட மாட்டான் இந்த மனுசன்.”

இந்த வருஷம் சித்திரையில் சங்கம் ஆட்டம் கண்டது. ஒருவர் மகளோடு ஓசூருக்குக் குடிபோனார். ஒருவருக்கு வேலை மாற்றல். மிச்சமிருந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. “ஷோபனா, நான், அண்ணன். மூணு பேர் பேசுறதுக்கு எதுக்கு மில்ல நிறுத்தணும்?” என்றார் வசந்தி. “அடுத்த மாசம் பாப்போம். யாரும் வரலன்னா நிறுத்திக்கலாம்.” துரைக்கண்ணு எழுந்தார். நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு வந்தார்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கோடைமழை பேய்க்காற்றோடு அடித்தது. மறுநாள் காலை முதல் டிரிப்பில், மூன்றாவது வளைவு வருவதற்கு முன்னாலேயே பச்சை மரம் பிளந்த வாசனை வந்தது. புளியமரம் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக் கிடந்தது. வேர்ப்பிடியில் செம்மண் இன்னும் ஈரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. கிளைகளில் மரவாழைகள் தலைகீழாகத் தொங்கின. பூத்திருந்த ஒரு கொத்து தார் ரோட்டில் முகம் தேய்த்துக் கிடந்தது.

துரைக்கண்ணு வண்டியை நிறுத்தினார். ஒரு நிமிசம் என்று சொல்லவில்லை. இறங்கிப் போய் அந்தக் கொத்தின் பக்கத்தில் குந்திவிட்டார்.

கீழேயிருந்து ஒரு வேன் வந்தது. மிஷின் ரம்பத்தோடு இரண்டு பேர், கூட ஒரு வனக் காவலர். வந்ததும் வராததுமாக ரம்பத்தை முடுக்கினார்கள். துரைக்கண்ணு எழுந்து கிளைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

“யோவ், நவுரு. ரோட கிளியர் பண்ணணும்.”

“செடி இருக்குது சார். உசுரோட இருக்குது.”

“மரமே போயிருச்சு. செடியாம்!”

ஷோபனா அன்றைக்கு அதே ஜீப்பில் இருந்தார். அவர் காவலரிடம் பேசினார். காவலர் மரத்தையும் பின்னால் சேர்ந்துகொண்டிருந்த வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “விழுந்த மரத்துல இருக்கிறதுதானே, எடுத்துக்குங்க. அரை மணி நேரம். அதுக்கு மேல கேக்காதீங்க” என்றார்.

மரமோ சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிடந்தது. செடிகளோ எண்ணில் அடங்காதவை. இருந்ததோ இரண்டு பேர். துரைக்கண்ணு திரும்பி ஜீப்பைப் பார்த்தார். எல்லோரும் இறங்கி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமும் அவர்களை நவுரச் சொல்லியும் காக்கவைத்துமே பழகியவர்.

“எனக்கு ஒரு ஒதவி பண்றீங்களா?”

அவர் வாயிலிருந்து “பண்றீங்களா” வந்ததே அவர்களுக்குப் புதிது. புளி மூட்டைகளோடு சந்தைக்குப் புறப்பட்டிருந்த மாதையன்தான் முதலில் பேசினார். சொந்தத்தில் புளியந்தோப்பு உள்ளவர். துரைக்கண்ணுவுக்கு மாமன் முறை.

“ஏம்ப்பா, இது புல்லுருவி. மரத்த உறிஞ்சுற சனியன். இது குந்துனதாலதான் மரமே சாஞ்சுது. வுட்டுத் தொலை.”

“இல்ல மாமா. நீயே பாரு. கத்தி வெச்சிருக்கியே, சீவிப் பாரு.”

மாதையன் இடுப்புக் கத்தியை உருவினார். அதே மரத்தில் ஒரு கிளையில் நிஜமான புல்லுருவியும் இருந்தது. அதைச் சீவினார், அதன் வேர் பட்டைக்கு உள்ளே, கட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது. மரவாழையைச் சீவினார். வேர் பட்டையின் மேலோடு வந்துவிட்டது. அடியில் மரம் காயமில்லாமல் பச்சையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

“இது குடிக்கல. சும்மா குந்திக்கினு இருக்குது” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு அடுத்த கிளைக்குப் போனார்.

அதன் பிறகு யாரும் நிற்கவில்லை. தங்கை மகள் வளைகாப்புக்குப் புறப்பட்டு வந்த அமுதவல்லி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்தார். “அண்ணா, வேர் அந்தாண்ட போய் ஒட்டிக்கினு இருக்குது, அறுக்கவா?” “அறுக்காதம்மா! பட்டையோட சேத்து எடும்மா!” என்று துரைக்கண்ணு இங்கிருந்து அங்கே ஓடினார், அங்கிருந்து இங்கே ஓடினார். ரம்பம் வைத்திருந்தவனே கடைசியில் சலித்துப்போய், எட்டாத உச்சிக்கிளையைப் பதமாக அறுத்துச் சாய்த்துக் கொடுத்தான். ஜீப்பின் மேல் கேரியரில் புளி மூட்டைகளுக்கு நடுவே மரவாழைகள் மலையாகக் குவிந்தன. உடைந்தவை போக, எட்டாதவை போக, முக்கால்வாசி தேறியது.

“இதை எல்லாம் எங்கண்ணா வெக்கிறது? குவிச்சு வெச்சா ரெண்டு நாள்ல அழுகிடும்” என்றார் ஷோபனா.

துரைக்கண்ணு பயணிகளைப் பார்த்தார். “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கறீங்களா? வேரு புடிக்கிற வரைக்கும் உங்க வூட்டு மரத்துல கட்டி வுடலாம். மண்ணு வேணாம். சாணி வேணவே வேணாம்.”

பாதை திறந்ததும் வளைகாப்புக்குப் போனவர் போய்விட்டு வந்தார். சந்தைக்குப் போனவர் விற்றுவிட்டு வந்தார். அன்று சாயங்கால டிரிப்பில் ஜீப் ஒவ்வொரு வீட்டு முன்பும் நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை, அவரவர் முறைக்காக அவரவர் காத்திருந்தார்கள். மாதையன் மூட்டை கட்டும் சணலை அறுத்து அறுத்துக் கொடுக்க, துரைக்கண்ணு மாமரத்திலும் பலாமரத்திலும் முருங்கையிலுமாகச் செடிகளைக் கட்டினார். மாதையன் தன் வீட்டு வாசல் பலாமரத்தில் தானே கட்டினார், மூட்டை கட்டும் முடிச்சுப் போட்டு.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, வசந்தி மூன்று நாற்காலிதான் போட்டிருந்தார். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. துரைக்கண்ணுவுக்குப் பின்னால் அமுதவல்லி இறங்கினார். அவருக்குப் பின்னால் மாதையன். அவருக்கும் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாற்காலி போதாமல் தவிட்டு மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் கேள்வி இருந்தது. இலை சுருங்குகிறதே? வேர் வெள்ளையாகிவிட்டதே? தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

வசந்தி பதில் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு கடைசி நாற்காலியைப் பார்த்தார். “அண்ணன் சொல்லட்டும். அவருதான் நெறைய சாவடிச்சவரு.”

மில் முழுக்கச் சிரித்தது. துரைக்கண்ணு எழுந்து நின்றார். கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: செம்மண்ணில் நட்டது, சாணி போட்டது, மூடி வைத்தது, எலி தின்றது. தான் கொன்ற ஒவ்வொரு செடியையும் வரிசையாகச் சொல்லச் சொல்ல, என்ன செய்யக்கூடாது என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. “வேரு வெள்ளையா இருந்தா அதுக்குத் தாகம். தண்ணி பட்டா பச்சையாவும். பச்சையானதும் நிறுத்திடு. அதுக்கு மேல பாசம் காட்டாத” என்று முடித்தார். உட்காரும்போது நெற்றி வியர்த்திருந்தது.

எல்லாம் பிழைக்கவில்லை. அமுதவல்லியின் செடியை ஆடு தின்றுவிட்டது. ஒருவர் ஆர்வம் தாங்காமல் யூரியா போட்டுப் பார்த்துவிட்டார். ஆனால் மாவு மில் இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு நிற்கிறது. அமுதவல்லி பாலத்துக்காரியிடமிருந்து ஒடிந்து விழுந்த ஒரு துண்டை எடுத்துவந்து, இம்முறை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறார். துரைக்கண்ணு அவரை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

மூன்றாவது வளைவு வெட்டவெளியாகிவிட்டது. அங்கே ஜீப் நிற்பதில்லை.

மழை விட்டிருந்த ஒரு புரட்டாசிக் காலையில் ஜீப் மாதையன் வீட்டு வாசலில் நின்றது. மாதையன் மூட்டையோடு வரவில்லை. கைகாட்டிக் கூப்பிட்டார். “மாப்ள, இத வந்து பாரு. இன்னாமோ நீட்டிக்கினு இருக்குது.”

துரைக்கண்ணு இறங்கிப் போய்ப் பலாமரத்தருகே நின்றார். செடியின் அடியிலிருந்து இரண்டு புது வேர்கள் பட்டையோடு பட்டையாகப் படர்ந்திருந்தன. நுனி இளம்பச்சையாக, மெழுகு போல மினுங்கியது. ஒரு விரலை வேருக்கும் மரத்துக்கும் இடையில் விட்டு நெம்பிப் பார்த்தார். விரல் நுழையவில்லை. கிராம்பைத் துப்பினார். பல்லால் கடித்துச் சணல் முடிச்சைத் தளர்த்தி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தெடுத்தார். செடி அசையாமல் நின்றது. சணலைச் சுருட்டி மாதையனின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, வண்டியை நோக்கி நடந்தார்.