இருவாச்சியும் ஒராங்குட்டானும் என் வீட்டுக்காரியும்

நெத்திலி காயப்போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரி கேட்ட கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் லைட்ஹவுஸ் குப்பத்தில் சொந்தமாக மூன்று ஃபைபர் படகு வைத்திருப்பவன். கலெக்டர் வந்தாலும் எதிரே உட்கார்ந்து பேசுவேன். அப்படிப்பட்டவன் மழுப்பித் தப்பித்தது அவளிடம்தான்.

மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆறு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பிய புதிது. தோட்டத்தை ஒட்டிய காட்டில் பார்த்ததையெல்லாம் அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். இருவாச்சி என்று ஒரு பறவை. பெண், மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையச் சந்து மட்டும் இருக்கும். ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். ஒராங்குட்டான் என்கிற பெரிய குரங்கு அப்படியில்லை. அந்த இனமே அழிந்துகொண்டு வருகிறதென்று தோட்டத்து மேஸ்திரி சொல்லுவார். தாய் ஒண்டியாகக் குட்டியைச் சுமந்து வருஷக்கணக்கில் மரத்துக்கு மரம் திரியும். ஆண் போனால் போனதுதான்.

"நான் இருவாச்சி மாதிரி. உனக்கு இன்னா கொற வச்சேன்?" என்றேன்.

அவள் மீனைப் புரட்டியபடியே, "அது தெனம் வருதுன்னு நீதான சொன்ன. நீ எத்தினி தபா வந்த?" என்றாள்.

ஆறு வருஷத்தில் ஒரே தடவை. சிரித்து மழுப்பினேன்.

அவள் செத்துப்போய் நான்கு வருஷமாகிறது. எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. கல்யாணமான ஆண்களின் பெயரைச் சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று ஊர் தீர்மானிக்கும். நான் இல்லாத ஆறு வருஷமும் என் முறை பறிபோகவில்லை. ஊர் எனக்கு வைத்த மரியாதை அது என்று மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். போன மாதம் மகள் சொன்னாள்.

"மரியாத இன்னா மரியாத, நைனா? ஒவ்வொரு சீட்டுக்கும் உன் பேர வுட்டுடக் கூடாதுன்னு அம்மாதான் என்ன இடுப்புல வச்சிக்கினு ஆம்பளைங்க பின்னால நின்னு சண்ட போட்டுச்சு."

மகள் வந்தது அதைச் சொல்வதற்கு அல்ல. மருமகனுக்கு வெளிநாட்டு விசா வந்திருந்தது. கையில் பால்குடிக்கிற பிள்ளை. "நீ சொன்னா போவாரு, வேணான்னா நின்னுடுவாரு. சொல்லு நைனா."

நான் போகாதிருந்தால் படகு ஏது? போனதால் என் வீட்டுக்காரி பட்டதற்குக் கணக்கு ஏது? அடைத்துக்கொண்டு காத்திருப்பதா, ஒண்டியாகச் சுமந்து திரிவதா, எது மேல் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலமா" என்றேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மகள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இத அம்மாகிட்ட ஒரு தபா சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, புருஷனிடம் தானே பேசப் போனாள்.