மாமியாரைக் கோட்டை விட்ட பரீட்சை

பள்ளிபாளையம் தாண்டும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. குமாரபாளையத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு ஒரு மழைக்காலமும் கோடையும் முழுக்க நெய்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். அவ்வளவு நாள் இருந்ததே பெரிசு. கிளம்பும்போது தறிக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "போயிட்டு வா சாமி. ஆடி பதினெட்டுக்குள்ள இதே குழியில வந்து காலை உடுவே." நானும் சும்மா இருக்கவில்லை. இனிமேல் என் கால் தண்ணீரில்தான் இருக்கும், குழியில் இருக்காது என்று சொல்லிவிட்டேன். அப்படி வாயை விட்டவன் திரும்பிப் போக முடியுமா? முன்னால்தான் நடக்க வேண்டும்.

மோகனூரில் ஆடிப்பெருக்குக்குப் படித்துறைக் காவலுக்கு நீச்சல்காரர்களை எடுக்கிறார்கள் என்று நூல் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் சொல்லியிருந்தார். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆற்றுக்கு இன்னும் கடிவாளம் விழவில்லை. ஆடியில் அது தன் இஷ்டத்துக்கு வந்தது, கும்பிட வந்த சனங்களில் ஒருவர் இருவரைக் கொண்டும் போனது. அதனால் பரீட்சை வைத்து ஆள் எடுத்தார்கள். தேறியவனுக்கு மணியக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு, தலையில் கட்டிக்கொள்ளச் சிவப்புத் துண்டு, ஆடி முடியும் வரை சத்திரத்தில் சோறு. அந்தச் சீட்டைக் காட்டினால் பிறகு எந்தப் பரிசல் துறையிலும் சேர்த்துக்கொள்வார்களாம்.

கரையோடு நடந்தேன். வழியில் ஒரு நாள் சோறு கிடைக்கவில்லை. மறுநாள் அதே கரையோரத்து வேலூர்ப் பக்கம் ஒரு கொடிக்காலில் வெற்றிலைக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கம்மங்கூழ் குடித்தேன். கூழ் நன்றாக இருந்தது.

மோகனூரில் பரீட்சைக்கு வந்த எங்களைப் பழக்கியவர் ஒரு பரிசல்காரர். என் வயதுதான் இருக்கும். காலையில் எங்களில் ஒருவனை மணலில் படுக்கவைத்து, முழுகுகிறவனை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். முன்பக்கமாகப் போனால் அவன் நம் கழுத்தைக் கட்டிக்கொள்வான். பின்பக்கமாகத்தான் போக வேண்டும். கையைக் கொடுக்கவே கூடாது. ஆண் என்றால் குடுமி, பெண் என்றால் கொண்டை. "முடியப் புடிச்சு இழுத்துட்டு வாங்க. திட்டுனாக் கரையில வந்து திட்டட்டும்" என்றார்.

வெயில் ஏறியதும் பரீட்சை. வைக்கோல் திணித்து, பழைய சேலை சுற்றி, சணலில் கொண்டை வைத்த ஒரு பொம்மை. அதற்கு மாமியார் என்று பெயர். நனைந்தால் ஆள் கனம் கனக்கும். பரிசல்காரர் மாமியாரை நடு ஆற்றில் தள்ளிவிடுவார். படித்துறையில் நிற்கிறவன் குதித்து, கீழே இருக்கும் மருத மரத்துக்குள் அவளைக் கரை சேர்க்க வேண்டும். எனக்கு முன்னால் போனவன் மாமியாரின் காலைப் பிடித்து இழுத்து வந்தான். ஊட்லயும் இப்படித்தானா என்று கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

என் முறை வந்தது. மாமியார் விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டேன். நேராக அங்கே நீந்திப் போய் முழுகினேன். அடியில் மண்ணைத் துழாவினேன். மூச்சு எனக்கு எப்போதும் தாராளம். கையில் தட்டுப்பட்டதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். அது ஒரு பித்தளைச் சொம்பு.

கரை முழுக்கச் சிரித்தது. பரிசல்காரர் துடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மாமியா மருத மரத்தத் தாண்டித் திருச்சிக்கே போறாங்க. நீங்க சொம்பத் தூக்கிட்டு எங்கீங்க போறீங்க?"

நான் ராசிபுரம் பக்கத்தவன். எங்களுக்கு ஆறு கிடையாது, கிணறுதான். கிணற்றில் குடம் விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கிடைக்கும். தண்ணீருக்கு மேலாகத் தேடுகிறவனை எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஆற்றை நான் அகலமான கிணறு என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டேன். பரிசல்காரர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். பரீட்சைக்கு வந்தவன் சீட்டில்லாமல் போகக் கூடாது என்று மணியக்காரர் மட்டும் பிடிவாதமாக இருந்தார். பரிசல்காரர் சொல்லச் சொல்ல அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'இவர் ஆற்றுக்கு ஆகார். கிணற்றுக்கு ஆவார்.'

படியில் உட்கார்ந்தேன். தறிக்குழியும், அதன் பக்கத்தில் நின்று சிரிக்கப்போகும் தறிக்காரரும் கண் முன்னால் வந்தார்கள். சத்திரத்துச் சாம்பார் வாசனை வேறு காற்றில் வந்தது.

அப்போது ஒரு அம்மாள் ஈரச் சேலையோடு வந்து, அது போன வெள்ளிக்கிழமை முழுகிப் போன தன் சொம்பு என்றாள். கொடுத்தேன். சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். என்ன ஊர், என்ன சனம் என்று விசாரித்தாள். பிறகு கேட்டாள்:

"நெசமாலுமே கெணத்துக்கு ஆவீங்களா?"

"ஆவேனுங்க."

அவள் மகளைச் சேலம் அஸ்தம்பட்டியில் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஆடி விருந்துக்கு வந்திருக்கிறார். புது மாப்பிள்ளையைத் தோட்டத்துக் கிணற்றில் தள்ளி விளையாடுவது மச்சான்மார்களின் வழக்கம். அவளுடைய பிள்ளைகளும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கோ நீச்சல் தெரியாது. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம்; பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"அந்த மாமியாள ஆத்தோட உட்டுட்டீங்க" என்றாள் அந்த அம்மாள். "இந்த மாமியாளையாவது காப்பாத்துங்க சாமி. என்ற பசங்க சொன்னாக் கேக்க மாட்டானுங்க. அவரு நீஞ்சற வரைக்கும் எங்க ஊட்லயே சாப்புட்டுக்குங்க."

மறுநாள் காலையில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மச்சான்கள் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். மிதப்பதற்காகக் காய்ந்த சுரைக்குடுக்கையை மாப்பிள்ளையின் முதுகில் கயிறு போட்டுக் கட்டினேன். அவர் கட்டிக்கொள்ளும் முன்பே, உங்களுக்குச் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். சீட்டை நீட்டியிருந்தேன். இரண்டு தரம் படித்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

நான் முதலில் குதித்தேன். அண்ணாந்து பார்த்தால் அவர் படியில் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டணத்துக் கிராப்பு, பரிசல்காரர் சொன்ன மாதிரி பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி முடி இல்லை. குடுக்கைக் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அவருக்குக் கையைக் காட்டினேன்.

"எறங்குங்க. இந்தத் தண்ணி எங்கயும் போயிறாது."

மேட்டில் இருந்தவர்கள் பல் விளக்குவதை நிறுத்தினார்கள். அவர் ஒரு படி இறங்கினார்.