வெள்ளிக்கிழமை கழுவிய கம்ப்யூட்டர்

கல்யாணச் சீராக அப்பா பீரோ வாங்கித் தருவதாகச் சொன்னார். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போடுகிறவர் அவர். நான் பீரோ வேண்டாம், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கள்ளக்குறிச்சியில் புகுந்த வீட்டில் அது வந்து இறங்கியதும், சீர் பார்க்க வந்த பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொடவையெல்லாம் இதுக்குள்ளயா வெப்ப?" என்று கேலி செய்தார்கள். சிரித்துவைத்தேன். உள்ளே என்ன வைக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். சாயங்காலங்களில் மலைப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். எந்தச் சரிவுக்கு என்ன பெயர், எந்த மழைக்குச் சாமை விதைக்கலாம், எந்த மழையை நம்பக்கூடாது. பதினொரு நோட்டு சேர்ந்தது. அதைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வாக எழுதினேன். என் பேராசிரியர் பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்றார். துண்டு துண்டாகப் பார்க்கமாட்டேன், முடித்துக்கொண்டு வா என்றும் சொல்லிவிட்டார். அந்த எழுத்துருவுக்கான பழைய டைப்பிங் சாஃப்ட்வேரைப் போட்டு இரண்டு வருடம் தட்டினேன். தட்டி முடித்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் நானே எடுத்துப் போட்டேன். வீடு சின்னது. அந்தப் புத்தி யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், என் சொந்தப் புத்திதான்.

என் வீட்டுக்காரர் கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் தம்பி உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். அதனால் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, "இனிமே ஈ எறும்பு நுழையாது அண்ணி" என்றார். தம்பி வந்து தன் வீட்டுக்குக் காவல் போடுவதா என்று அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடமிருந்து, குப்பைகளைத் துடைக்கிற கிளீனர் ஒன்றை வாங்கிவந்து ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவார். அதே நேரத்தில் இவரும் குளித்து விபூதி பூசிக்கொண்டு, மானிட்டருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, கம்ப்யூட்டரைக் கழுவ உட்கார்ந்துவிடுவார். "வூட்ட மட்டும் கழுவினா போதுமா?" என்பார்.

உள்ளே இருந்த இரண்டும் இந்த அண்ணன் தம்பி மாதிரியே அடித்துக்கொண்டன. ஆன்டிவைரஸ் கிளீனரை ஆபத்து என்று பிடித்துச் சிறையில் போடும். கிளீனர் ஆன்டிவைரஸை வேகத்தைக் குறைக்கிற சுமை என்று நிறுத்திவைக்கும். ஞாயிறு தம்பி வந்து ஒன்றை எடுப்பார், வெள்ளி அண்ணன் உட்கார்ந்து இன்னொன்றை எடுப்பார்.

"அவன் வெச்சது பாதி மெமரிய முழுங்கிக்கினு கீது."

"அண்ணன் போட்டதே வைரஸ்தான் அண்ணி."

இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "ஏங்க, என் ஃபைல் அதுல இருக்குது, எதையும் தொட்டுறாதீங்க" என்றால், "உன் ஃபைலக் காப்பாத்தத்தான இவ்ளோ பாடு" என்பார். என் எழுத்துக்காக வீட்டில் இரண்டு ஆண்கள் சண்டை போடுகிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு.

கடைசி இயலை முடித்த வாரம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனேன். அந்த ஞாயிறு தம்பி ஆன்டிவைரஸை இன்னும் கெடுபிடியாக்கினார். தட்டுகிற விசைகளையெல்லாம் கவனிப்பதுதானே டைப்பிங் சாஃப்ட்வேரின் வேலை. ஆன்டிவைரஸ் அதைத் திருடன் என்று சிறையில் அடைத்தது. அதோடு விட்டிருந்தால் ஒரு அழுத்தில் வெளியே எடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை கிளீனர் வந்து அந்தச் சிறையையே குப்பை என்று காலி செய்தது. அந்த எழுத்துருவையும், சொந்தக்காரன் இல்லாத பொருள் என்று கூட்டித் தள்ளியது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இவர் என் ஃபைலைத் திறந்திருக்கிறார். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாக உளறல். வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி, தம்பிக்குச் சாட்சி காட்ட ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து வைத்தார். "பார்ரா, உன் காவலோட லட்சணத்த." தம்பியும் வந்து பார்த்தார். அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். நோய் பிடித்த ஃபைல், விட்டால் பரவும். நகல் வைத்திருந்த என் பென் டிரைவிலும் அதே உளறல்தான் தெரிந்தது, அதையும் அழித்தார்கள்.

நான் திரும்பி வந்ததும் இவர், "ஒக்காந்து பாரு, இன்னா ஸ்பீடா கீது" என்றார். ஃபைல் எங்கே என்றேன். நடந்ததைச் சொன்னார். "ஒட்டு ஒறவு இல்லாம மூணு தண்ணி வுட்டு அலசிட்டேன்." இனி யாராலும் மீட்க முடியாதபடி மூன்று முறை அழித்திருக்கிறார். உங்கள் கம்ப்யூட்டர் சுத்தமாக உள்ளது என்று திரை சொன்னது. இந்த மனுஷன் செத்துத் தொலைந்தால்கூடப் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

சாட்சிக்கு எடுத்த அந்தப் பக்கத்தோடு திருக்கோவிலூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டிடிபி கடைக்குப் போனேன். இது என்ன வைரஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த உளறலைச் சரளமாகத் தமிழில் படித்தார். சாமை, சரிவு, கோடை மழை.

"வைரஸெல்லாம் இல்லம்மா. இந்தப் பழைய எழுத்துருவுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அடியில இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும், எழுத்துரு இல்லாம தொறந்துருக்காங்க. மறுபடி அத ஏத்தினா அப்படியே வந்துடும். ஃபைல் எங்க?"

அழித்தாயிற்று என்றேன். அவர் அதே விசைகளைத் தட்டி அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எடுத்துக் கொடுத்தார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். பாதி வாக்கியத்தில் தொடங்கி, பாதி வாக்கியத்தில் முடிகிறது.

வீட்டில் சொன்னேன். "இத நீ மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார் இவர். மறுபடி மலையேறிக் கேட்டு எழுது என்கிறார்கள் எல்லோரும். சொல்கிறவர்கள் யாரும் வந்து என் வீட்டில் சமைக்கப்போவதில்லை.

போன மாதம் ஒரு பீரோ வாங்கினேன். ஆட்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனதும் இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இத்தினி வருஷம் கழிச்சி பீரோ இன்னாத்துக்கு? உள்ள இன்னா வெக்கப்போற?" என்று கேட்டார்.

"ஒரு பக்கம்" என்றேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.