வெண்ணெ வாளிப் பாட்டு

என் வீட்டுக்காரர் வரப்பில் சறுக்கிக் கணுக்காலை மடக்கிக்கொண்டதால்தான் இதெல்லாம் நடந்தது. எங்களுக்கு ஊர் நகரி பக்கம். எலும்பில் எது வந்தாலும் யோசிக்காமல் புத்தூருக்குக் கிளம்பிவிடுவோம். அன்றைக்கும் ஆட்டோ பிடித்து, கட்டுப் போடும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பெஞ்சில் இடம் பிடித்து அவரை உட்காரவைத்து, காலைத் தூக்கி என் பை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

தலை முழுக்க வழுக்கை. வெள்ளை மீசை. வீங்கிப்போன வலது மணிக்கட்டைத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆனால் இடது கை சும்மா இல்லை. விரல்கள் தொடைமேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கிட்டார் வாசிக்கிறவர்கள் கம்பியை அழுத்துவார்களே, அப்படி. முகத்தைப் பார்த்தேன். புருவத்தை இரண்டாகப் பிரித்த மாதிரி ஒரு தழும்பு. அந்தத் தழும்பை நான் போஸ்டரில் பார்த்திருக்கிறேன். மேடைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

நான் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். அதெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்திலேயே இல்லை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணா, நீங்க சித்தூர் ஆர்க்கெஸ்ட்ரா தானே? கிட்டாரு நீங்கதானே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் அது யாருக்காவது நெனப்புல இருக்குதாம்மா?" என்றார்.

நினைப்பில் இருக்கிறதா என்று கேட்கிறார்! எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கோயில் ஜாத்திரைகளுக்கு அந்த ஆர்க்கெஸ்ட்ராக் குடும்பம் வருகிறது என்றால் பாலமனேரிலிருந்துகூட ஜனம் பஸ் ஏறி வரும். ஓர் அண்ணன், ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. அண்ணன் கிட்டார், தங்கச்சி பாட்டு, தம்பி கீபோர்டு. அவர்களுடைய நைனாதான், அப்பாதான், பாட்டுக் கட்டுகிறவர். வெளிநாட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சியாகச் சேர்ந்து பாடி ஆடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்குச் சரியாக நம் சித்தூரில் இவர்கள் என்று மைக் செட்காரர் அறிவிப்பார். வெளிநாட்டை யார் கண்டது? எங்களுக்கு இவர்கள் போதும். மூன்று பேரும் ஜிகுஜிகு என்று மின்னும் கோட்டு போட்டிருப்பார்கள். கலர் காகிதம் ஒட்டிய சக்கரம் சுழன்று மேடையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக மாறும். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆளே இல்லாமல் டிரம்ஸ் சத்தம் கேட்கும். பாட்டுப் பாடுகிற தங்கச்சி பேண்ட் போட்டு, அகலமாக பெல்ட் கட்டி, வளையம் மாதிரி கம்மல் மாட்டி, முடியைச் சுருட்டி விட்டிருப்பார். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள்.

நானும் என் அக்காவும் பைத்தியமாகிவிட்டோம். மைக் செட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவர்கள் பாட்டு கேசட்டுக்குக் காப்பி வாங்கினோம். அது காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி. பாதி இரைச்சல். அதைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவோம். அக்கா சீப்பைப் பிடித்துக்கொண்டு பாடுவாள், நான் பின்பாட்டு.

இதையெல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கின மாதிரி இருந்தது.

"வர ஞாயித்துக்கெழம திருப்பதியில என் தங்கச்சி பொண்ணுக்கு ரிசெப்ஷன்மா" என்றார். "மூணு பேரும் ஒரே மேடையில ஏறி வாசிக்கணும், இல்லன்னா நான் ரிசெப்ஷனே வைக்கலன்னு தங்கச்சி அடம். பரண் மேல இருந்து கிட்டாரு எறக்கப் போயி ஏணியில இருந்து வுழுந்துட்டேன். கை போச்சு."

"மூணு பேரும் சேர்ந்து வாசிச்சு எவ்ளோ நாளாச்சுண்ணா?"

"அத்த ஏன் கேக்குற. நைனா போனதுக்கு அப்பறம் தம்பி தனியா ஒரு பாட்டுப் பார்ட்டி வெச்சான், நான் தனியா ஒண்ணு வெச்சேன். ரெண்டும் ஓடல. பேச்சும் நின்னுபோச்சு. அவன் பெங்களூருல கீறான். ஃபோன்கூட கெடையாது. இதுல இன்னொரு கஷ்டம் வேற. அந்த டிஸ்கோ பாட்டு இருக்குதே, ஊரே ஆடுமே, அதுல ரெண்டாவது சரணம் எங்க யாருக்கும் ஞாபகம் இல்ல. கேசட்டு பூஞ்சக்காளான் புடிச்சுப்போச்சு. என் தங்கச்சி தெனம் ஃபோன் போட்டு அழுவுறா."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எது?"

"முழுப் பாட்டும்."

கட்டுப் போடும் இடத்தில், கை உடைந்தவர்களும் கால் உடைந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தேன்.

"வெண்ணெ வாளியில, ஒன் டூ த்ரீ ஆட்டுல..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னாது? திருப்பிப் பாடு."

பாடினேன். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வலியில் முகத்தைச் சுளிப்பார், உடனே மறுபடி சிரிப்பார். "அய்யோ தேவுடா! அது வெண்ணெ இல்லம்மா. வென்னெல! 'வென்னெல வானலோ, ஒன் டூ த்ரீ ஆட்டலோ.' நிலா வெளிச்சம் மழையாட்டம் கொட்டுது, அதுல ஆடுறோம்னு தெலுங்குல நைனா எழுதினாரு. நீ அதுல வாளியில வெண்ணெய வெச்சு ஆட்டையும் கொண்டாந்து கட்டிட்டியே!"

வீட்டில் தமிழ், தமிழ் மீடியம் படிப்பு. எங்கள் தெலுங்கெல்லாம் அப்போது சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். அதோடு அந்தக் கேசட்டு இரைச்சல் வேறு. காதில் விழுந்ததைத்தான் பாடினோம். இத்தனை வருஷமாகச் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் வெண்ணெய் வாளியைத்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"அந்த ரெண்டாவது சரணம்?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "காலரு தூக்கினு கோழி போவுது, கண்ணாடி போட்டுனு தெருவே ஆடுது..."

அவர் கண்ணை மூடி யோசித்தார். இடது கை விரல்கள் வேகமாக ஓடின. "மெட்டு கரெக்டு. மெட்டு அப்பிடியே கீது. வார்த்த இது கெடையாது. ஆனா சத்தியமா எது நெஜ வார்த்தன்னு எனக்கும் தெரியல." சட்டென்று ஃபோனை எடுத்தார். "இரு, இத்த அவளுக்கு அனுப்பலாம். மறுபடியும் பாடு, மொதல்ல இருந்து. வெண்ணெ வாளியோட."

பாதிப் பாட்டில், அதற்குள் உள்ளே கூப்பிட்டிருந்த என் வீட்டுக்காரரின் காலை இழுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் போட்ட கூச்சலும் அந்தப் பதிவில் சேர்ந்துவிட்டது. கட்டுப் போட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "முப்பது வருஷமா உன்கூட குடும்பம் நடத்துறேன். நீ இப்படி நாலு பேர் முன்னால பாடுவேன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

நாங்கள் ஆட்டோ ஏறுவதற்குள் அந்தப் பாடகித் தங்கச்சியே அண்ணன் ஃபோனில் வந்துவிட்டார். அதே குரல். கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். "ஏம்மா, நீ யாரு பெத்த பொண்ணோ, அழுதுக்கினு இருந்தவள சிரிக்க வெச்சிட்ட. ரிசெப்ஷனுக்கு வரணும். உங்க அக்காவையும் கூட்டினு வரணும். வரலன்னா நானே வந்து தூக்கினு போவேன்."

அக்கா திருப்பதியில் அலிபிரி பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மலைக்கு நடந்து ஏறப்போகிறவர்கள் கூட்டம் எந்நேரமும் இருக்கும், ஃபோன் எடுக்கவே நேரம் இருக்காது. விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் ஓடி வந்தார்களாம். "கடைய மூடிட்டு வரேன்டி" என்றாள். சீக்காக இருந்தபோதுகூடக் கடையை மூடாதவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரரை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு மத்தியானமே திருப்பதி போய்விட்டேன். அக்காவும் நானும் ஒரே மாதிரி ஜிகினா பார்டர் புடவை கட்டினோம். கண்ணாடியில் பார்த்து அவள் சிரிக்கிறாள், நான் சிரிக்கிறேன். கை கோத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தோம்.

மாப்பிள்ளை பெண் நின்ற மேடைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன மேடை போட்டிருந்தார்கள். கீபோர்டுக்குப் பின்னால் தம்பி. ஒல்லியான ஆள், கண்ணாடி, நெற்றியில் ஒரு குங்குமக் கோடு. அண்ணன் இந்தக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை கட்டோடு, மடியில் கிட்டார், வாசிக்க முடியாமல். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நடுவில் பாடகி மைக்கைப் பிடித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவைதான். ஆனால் காதில் அந்த வளையக் கம்மல்! அக்கா என் கையைக் கிள்ளிவிட்டாள்.

முதலில் பாடகி இரண்டு பாட்டு கீபோர்டை மட்டும் வைத்துப் பாடினார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜனம் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாகத் தம்பி ஒரு பட்டனை அழுத்தினார். டிரம்ஸ் சத்தம் கிளம்பியது. அந்தத் தாளம்! அது கிட்டாரில் ஆரம்பிக்க வேண்டிய பாட்டு. தாளம் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் எதுவும் வாசிக்கவில்லை. அண்ணன் இடது கையால் கம்பிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். மீட்ட கை இல்லை.

அப்போது தம்பி எழுந்தார். தாளத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு நடந்து வந்து, அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டார். தோளுக்குக் கீழே கையை நீட்டிக் கம்பியைத் தொட்டார்.

"எந்த கார்டு, எந்தக் கம்பியெல்லாம் புடிச்சிருக்க?" என்று அவர் கேட்டது பாடகியின் மைக்கிலும் விழுந்தது.

"உனக்கு மறந்துபோச்சாடா?" என்றார் அண்ணன், திரும்பாமல்.

"மறக்கல. உன் வாயால சொல்லணும்னு கேட்டேன்."

அண்ணன் சொன்னார். தம்பி மீட்டினார். முதல் தடவை தடுமாறியது. இரண்டாவது தடவை சேர்ந்துகொண்டது. அண்ணனுடைய விரல் அழுத்த, தம்பியுடைய விரல் மீட்ட, ஒரே கிட்டாரிலிருந்து அந்தப் பழைய ஆரம்பம் அப்படியே வந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். பாடகி மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பாட வேண்டிய இடம் வந்து, தாண்டிப் போனது.

அக்கா எழுந்துவிட்டாள். எந்தக் காலத்திலும் அவளுக்குப் பொறுமை கிடையாது. என்னையும் இழுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் போய் நின்று உரக்க ஆரம்பித்தாள். "வெண்ணெ வாளியில..."

பாடகி மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். நான் ஏறினேனா, யாராவது ஏற்றிவிட்டார்களா, தெரியாது. மேடையில் இருந்தேன். பாடகியும் அக்காவும் நானும் ஒரே மைக்கில் பாடினோம். முதல் சரணத்தைப் பாடகி நிஜ வார்த்தையில் பாடினார். இரண்டாவதில் எங்கள் கோழியும் காலரும்தான். கண்ணாடி போட்ட தெரு வந்தபோது மாப்பிள்ளையின் நண்பர்கள் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணப்பெண் மாலையைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். திரும்பப் பாடு, திரும்பப் பாடு என்று கத்தினார்கள். தம்பிக்கு முழங்கால் வலித்திருக்கும். எழுந்திருக்கவே இல்லை. அவர் மோவாய் அண்ணன் தோள்மேல் இருந்தது.

சாப்பிடும்போது அந்த மூன்று பேரும் எங்களை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு வலது கை கட்டில் இருந்ததால் தம்பி சோற்றைப் பிசைந்து கொடுத்தார். "துன்னு, ஆறிப்போவுது" என்று அதட்டினார். வேறு பெரிதாக எதுவும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. எந்த வருஷம் எந்த ஊரில் மழை வந்து மேடை நனைந்தது, யார் கோட்டு பட்டன் பாட்டு நடுவில் தெறித்தது, இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள்.

திங்கள்கிழமை பள்ளிக்கூடம் போனால், மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ எனக்கு முன்னால் போயிருந்தது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். "டீச்சர்காரு, ஸ்கூல் ஆனிவர்சரிக்குப் பாட்டு நீங்கதான்" என்றார், அவ்வளவுதான்.

போன வாரம் பாடகி ஃபோன் செய்தார். பாலமனேரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்களாம். அண்ணன் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், விரலை மடக்கி நீட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். தம்பி வாரா வாரம் பெங்களூரிலிருந்து சித்தூருக்கு வந்துவிடுகிறாராம். "பின்பாட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றார்.

"அக்காவக் கேட்டுட்டுச் சொல்றேனே" என்றேன்.

"அவங்ககிட்ட நேத்தே கேட்டாச்சு. ஒத்துக்கினு, அட்வான்ஸா கடையில ஒரு டஜன் வளையக் கம்மலே வாங்கிட்டாங்க. ஒனக்கு எந்தக் கலருன்னு கேக்கச் சொன்னாங்க."

சிவப்பு என்றேன்.