பல்லால் போட்ட முடிச்சு

பாவாவை நினைத்தால் முதலில் அவர் வலது மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறுதான் கண்ணில் வருகிறது. பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். யுத்த காலத்தில் திருத்தணி ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் ஜட்கா வண்டி ஓட்டினார். குடியை விடுவதற்காக மலைமேல் குருக்கள் கையால் காப்பு கட்டிக்கொண்டார். அது கையில் இருக்கும்வரை கள்ளைத் தொடுவதில்லை என்று சாமிக்குச் சத்தியம். இனி ஒரு தரம் குடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அக்காவும் சொல்லியிருந்தாள். தினமும் அவர் வண்டியை அவிழ்த்ததும் அவள் பார்ப்பது கயிற்றைத்தான். கயிறு இருந்தால் சோறு போடுவாள். வெற்றிலை வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று மோந்து பார்க்கத் தெரியாத வெள்ளந்தி.

நான் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஒரு நாள் அவருக்கு மோர் கொடுக்கும்போது கவனித்தேன். குருக்கள் போட்டது சின்ன, இறுக்கமான முடிச்சு. இதுவோ நுனி நைந்து, தொளதொளவென்று தொங்கியது. இடது கையாலும் பல்லாலும் இழுத்துப் போட்டது. கயிற்றைக் கழற்றி வைத்துக் குடித்துவிட்டு, திரும்பக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! சாமியையே ஏய்க்கப் பார்த்த சாமர்த்தியம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அவர் சிரிக்கவில்லை. கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அக்கா குடித்தனம் கெட்டுவிடுமே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று குழந்தைக்காக நேர்ந்துகொண்ட பூக்காவடியை அவர் தோளில் ஏற்றப் போனார்கள். அடிவாரத்தில், அத்தனை பேர் முன்னால், அவர் பின்வாங்கினார்.

"வோணாம். நான் தூக்கக் கூடாது. கயித்த அவுத்து வச்சிட்டுக் குடிச்சிகினுதான் இருந்தேன்."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "சொல்லாம தூக்கினு போயிருக்கலாமே. ஊரு பாக்கச் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே குழந்தையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதன்பின் மாதாமாதம் கிருத்திகைக்கு பாவா என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். "இந்த மாசம் மூணு தபா குடிச்சேன்" என்பார், போய்விடுவார். அடுத்த மாதம் "நாலு தபா" என்றார். சொல்லும்போது கூசிப்போனார், ஆனாலும் சொன்னார். அக்கா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். தை மாதம் வந்தபோது சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"இந்த மாசம் குடிக்கலம்மா."

"பொய்யி! போவச் சொல்லு" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

குடித்ததையெல்லாம் வாசல் தேடி வந்து சொன்ன மனிதர், குடிக்காததை மட்டும் பொய்யாகவா சொல்லுவார்? எனக்கு அப்போதே தெரிந்தது. உள்ளே போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் கோபத்துக்குப் பயந்து, "அப்பறமா வாங்க பாவா" என்றேன்.

"ஆங்" என்றார்.

அப்புறம் அவர் வரவேயில்லை. அன்றைக்கு அவர் பொய் சொன்னதாகவே அக்கா சாகும்வரை நம்பினாள். நான் கடைசிவரை அதைத் திருத்தவில்லை.