பெடலுக்கு அடியில் விரித்த ரப்பர்

என் வேனின் முன் சீட்டுக்குக் கீழே ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு கிடக்கிறது. அதன் ஒரு ஓரம் அரைவட்டமாக வெட்டப்பட்டிருக்கும். பழைய வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டபோது இதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த வண்டியில் அந்த வெட்டுக்கு ஒரு வேலையும் இல்லை. ஏறுகிறவர்கள் ஏன் இப்படி வெட்டியிருக்கிறது என்று கேட்பார்கள். எலி கடித்தது என்பேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நீளும், எனக்கும் இப்போதெல்லாம் பேசவே அலுப்பாக இருக்கிறது.

அந்த விரிப்பு என் மதினி கொண்டுவந்தது. அண்ணன் மனைவி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் வேலை. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவது என் பிழைப்பு. மதினிக்கு எப்போதும் முன் சீட்டு. கொழுந்தன் வண்டி என்ற உரிமை பாதி, அவருடைய மூக்கின் மேல் மற்றவர்களுக்கு இருந்த மரியாதை பாதி. முன்பு வேலை பார்த்த இடத்தில், யாருக்கும் எதுவும் தெரியாதபோது, கருகும் வாசனை வருகிறது என்று பக்கத்தில் இருந்தவளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடியவர் அவர். அடுத்த நிமிடம் அந்த அறை இல்லை. அதற்குப் பிறகு மதினி இருக்கும் அறையில் உட்காரப் பெண்களுக்குள் போட்டியே இருந்தது.

மருந்து அறைகளில் உரசல் ஆகாது என்று தரையில் ரப்பர் விரித்திருப்பார்கள். அந்தப் பழக்கம் மதினியின் ரத்தத்தில் ஊறிவிட்டது. சாயங்காலம் ஏறும்போது பெண்களின் காலிலும் சேலையிலும் மருந்தில் கலக்கும் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். அது என் வண்டியின் தகரத் தரையில் உதிர்வதும், அதன் மேல் நான் செருப்பைத் தேய்ப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டாக மடித்து என் காலடியில் போட்டார். நான் சிரித்தேன், எடுக்கவில்லை. கிளட்சை மிதித்தால் மெத்தென்று நின்றது. அது சுகமாகக்கூட இருந்தது.

சீசன் நேரத்தில் தகராறு ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் முதல் கியர் அலறிக்கொண்டுதான் விழுந்தது. வயதான வண்டி, கேபிள் நீண்டிருக்கும் என்று நினைத்து, அடியில் படுத்து நட்டை இறுக்கினேன். சரியானது. கொஞ்ச நாளில் திரும்பவும் அலறியது. திரும்பவும் இறுக்கினேன். அப்புறம் ஒரு நாள் காலை, ஓடைப் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, உள்ளே ஒரே கருகல் நாற்றம்.

"கொளுந்தனாரே, வண்டிய நிப்பாட்டுங்க. தீயிற வாசம் வருது," என்றார் மதினி.

நான் நிறுத்துவதற்குள் பின் கதவு திறந்து பெண்கள் குதித்துவிட்டார்கள். ஒருத்திக்கு முழங்கால் சிராய்ந்தது. கிளட்ச் பிளேட் வழுக்கித் தேய்கிற வாசனை, வேறொன்றுமில்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன். கருவேலங்காட்டோரம் போய் நின்றவர்கள் திரும்பி வரவில்லை. அன்று முதல் பாலம் வந்தாலே இறங்கி நடந்தார்கள். நேரம் தவறினால் கம்பெனியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அன்றைய வேலை போனது போனதுதான். இப்படியே போனால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார்.

சாத்தூர் பட்டறையில் மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாப் கியரில் வைத்துக் கிளட்சை விட்டுப் பார்த்தார். கிளட்ச் பிடித்தால் இன்ஜின் திணறி அணைய வேண்டும். என்னுடையது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெடல் முதலில் இரண்டு விரல் அளவு சும்மா இறங்க வேண்டும், நீ இறுக்கி இறுக்கி அதைக் கொன்றுவிட்டாய் என்று திட்டி நட்டைத் தளர்த்தினார். உடனே கியர் அலறியது. இறுக்கினால் புகை, தளர்த்தினால் அலறல். உள்ளே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று விலை விசாரிக்கப் போய்விட்டார். கீழே விழுந்த ஸ்பேனரைத் தேட விரிப்பைத் தூக்கினேன். எழுந்திருக்கக் கையை ஊன்றியது கிளட்ச் பெடலின் மேல். அது போய்த் தகரத்தில் டங்கென்று முட்டியது. இத்தனை நாளும் மடித்த விரிப்பு தடுத்து, அது கடைசிவரை இறங்கவே இல்லை.

மெக்கானிக் வந்ததும் விரிப்பை எடுத்துவிட்டு, பெடலுக்கு அந்த இரண்டு விரல் இடம் கொடுத்துப் பார்த்தோம். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மறுபடி சோதித்ததில் இன்ஜின் அணைந்தது. வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

மறுநாள் மதினியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நெருப்புக்குப் பயந்து விரித்ததே புகைய வைத்திருக்கிறது என்பது அவருக்கு அவமானமாகிவிட்டது. ஆனாலும் வெறும் தகரத்தைப் பார்த்துவிட்டு ஏறாமல் படியருகே நின்றார். ஒரு கத்தியை எடுத்துக் கிளட்ச் இறங்குகிற இடத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, விரிப்பை ஒற்றையாகப் போட்டேன். ஏறிக்கொண்டார். பாலத்தில் யாரும் இறங்கவில்லை.

பல வருடம் ஓடிய பிறகு, போன மழைக்காலத்தில் அந்த வண்டியின் பிளேட் நிஜமாகவே தேய்ந்து தீர்ந்தது. அதே பாலம், அதே நாற்றம். பின்னால் பெண்கள் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். மதினி ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு நிப்பாட்டுறீக?" என்றார்.

அதற்குச் சில வாரம் முன்புதான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை மூக்கில் வைத்து முகர்ந்தார், எடுத்தார், திரும்ப முகர்ந்தார். பெண்கள் தூரமாய்ப் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "யார்ட்டயும் சொல்லிராதீக. என் மூக்க நம்பித்தான் அந்த ரூம்ல அம்புட்டுப் பேரும் தைரியமா இருக்காக."

வேலையை விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அண்ணன் படுத்த படுக்கை, அடுப்பு எரிய வேண்டும். நான் ஓட்டும் வண்டியும் அந்தக் கம்பெனியை நம்பித்தான் ஓடுகிறது. சொல்லிச் சொல்லி இரண்டு பேருக்கும் வாய் ஓய்ந்துவிட்டது.

இந்த வண்டிக்குக் கிளட்சில் ஒரு குறையும் இல்லை. காலையில் கேட் வந்ததும் மதினி என் பக்கம் திரும்பி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, வாசம் எதுவும் வருதா என்று கேட்பார். தலையை வெளியே நீட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "இல்ல மதினி," என்பேன். கம்பெனிக்குள் செருப்பு ஆகாது. அந்த ஓரம் வெட்டிய ரப்பரின் மேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போவார். என் மூக்கு கேட் வரைக்கும்தான். சாயங்காலம் அவர் வந்து காலை நுழைக்கும்வரை அந்தச் செருப்பு அங்கேயே கிடக்கும்.